மொட்டைமாடிக் கச்சேரி

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் புருஷன் மேடையில் வாசித்து நர்ஸ் ஒருதரம்கூடப் பார்த்ததில்லை. அவளுக்கு எப்போதும் ராத்திரி டியூட்டி. ஓட்டல் மொட்டைமாடியில் கீபோர்டு வாசித்துவிட்டு அவர் வீடு திரும்பும்போது அவள் வார்டில் இருப்பாள். அவள் திரும்பும்போது அவர் போர்வைக்குள் இருப்பார். குடித்தனமே போனில்தான் நடந்தது.

விடுமுறைக்கு வந்த தங்கைதான் பிடிவாதம் பிடித்தாள். "இந்த ஊரு ராத்திரியில எப்படி இருக்கும்னு எனக்குக் காட்டவே மாட்டியா? லீவு போடுக்கா!"

போட்டாள். அவரிடம் சொல்லாமல் கொள்ளாமல் இருவரும் கிளம்பினார்கள். 'நேரடி இசை' என்று பலகை மாட்டியிருந்த முதல் இடத்தில் டிவி அலறிக்கொண்டிருந்தது. அடுத்த இடத்தில் பாடகர் வரவில்லையாம்; சமோசாதான் வந்தது.

"பாட்டுக் கேக்க வந்தா சமோசா சாப்பிட்டே வயிறு ரொம்பிடும் போல," என்று தங்கை சிரித்தாள். "பேசாம மாமாகிட்டயே போயிடலாம், வா."

மொட்டைமாடியில் குட்டி விளக்குகள் சரம்சரமாக எரிந்தன. மூலை மேசை கிடைத்தது. பாடகி பாட, கீபோர்டு அமர்க்களப்பட்டது.

"கலக்குறாரே மாமா!"

நர்ஸ் அவர் கைகளையே பார்த்தாள். அவருடைய வலது கை மட்டும்தான் கட்டைகளின் மேல் ஓடியது. இடது கை மடியில் கிடந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருண்டை பிடிப்பதுபோல் ஓயாமல் உருட்டிக்கொண்டிருந்தன. ஆனாலும் இரண்டு கை வாசிப்பும் ஸ்பீக்கரில் வந்தது. அந்த உருட்டலை வார்டில் நடுக்குவாதம் வந்த எத்தனையோ பேரிடம் பார்த்தவள் அவள்.

இடைவேளையில் அவர் அவளைப் பார்த்துவிட்டார். தங்கை போட்டோ எடுக்கச் சுவரோரம் போயிருந்தாள். அவர் வந்து எதிரில் உட்கார்ந்து, இடது கையைத் தொடைக்கடியில் செருகிக்கொண்டார்.

"எப்பலேர்ந்து?"

"மழைக்காலத்துக்கு முன்னாடியே. அந்தக் கை வாசிக்க வேண்டியத கீபோர்டுலயே முன்கூட்டிப் பதிஞ்சு வெச்சு ஓட விடுறேன். ஒருத்தரும் கவனிக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ அதுக்கு ஒரு பேர் சொல்லிடுவியே."

"மாத்திரை இருக்கு. நடுக்கம் கொஞ்சம் குறையும்."

"பழையபடி வாசிப்பேனா?"

எத்தனையோ நோயாளிகளிடம் 'எல்லாம் சரியாயிடும்' என்று வாய் கூசாமல் சொன்னவள்தான். இவரிடம் அது வரவில்லை.

"வலது கையும் ஆரம்பிச்சிருக்கு," என்றார் அவர். "இன்னைக்குப் பல் தேய்க்கும்போது பார்த்தேன்."

பாடகி மேடையிலிருந்து கூப்பிட்டாள். அவர் எழுந்து போனார்.

தங்கை ஓடிவந்தாள். "எனக்குப் பிடிச்ச பாட்ட மாமாவ வாசிக்கச் சொல்லேன்க்கா!"

"கேட்டதெல்லாம் அவரால வாசிக்க முடியாதுடி."

"ஏன்?"

அதற்குள் அடுத்த பாட்டு, பதிந்து வைத்த இடது கையோடு, தொடங்கிவிட்டது.