அர்ச்சனாவின் எழுத்து

பெரியகருப்பன் தன் குடும்ப வரலாற்றுப் புத்தகத்துக்கு எந்த எழுத்துருவைத் தேர்ந்தெடுத்தாலும், தாளில் அது அவருடைய மகள் அர்ச்சனாவின் கையெழுத்தாகவே விழுந்தது. அர்ச்சனா பத்தாம் வகுப்பில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோனவள். திருமயத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் பிளெஸ்ஸி முதலில் பிரிண்டரைச் சந்தேகப்பட்டாள். வெளியூருக்கு அனுப்பியும் எடுத்துப் பார்த்தாள். திரையில் கொட்டை கொட்டையாக நின்ற எழுத்து, தாளில் இடப்பக்கம் சாய்ந்து, 'ழ'வின் வால் அடுத்த வரியில் போய் இடித்தது. அட்டைக்கென்று பூவும் கொடியும் சுற்றிய அலங்கார எழுத்து ஒன்றைப் பெரியகருப்பன் ஆசை ஆசையாகப் பொறுக்கியிருந்தார். அதுவும் பள்ளிக்கூட நோட்டு லேபிளில் பெயர் எழுதிய மாதிரிதான் வந்தது. பிளெஸ்ஸி ஜெபம் செய்துவிட்டு மறுபடி எடுத்தாள். பலனில்லை.

புத்தகத்தில் அர்ச்சனாவின் பெயர் கிடையாது. அவர்கள் வழக்கப்படி கல்யாணம் ஆனால்தான் ஒரு புள்ளி, அதாவது கோயில் கணக்கில் ஒரு குடும்பம். ஆகாதவர்கள் கணக்கில் வரமாட்டார்கள். பெரியகருப்பன் புள்ளிக் கணக்கை வைத்தே வம்சத்தை எழுதினார். வங்கியில் மேனேஜராக இருந்த மனிதர், எதையும் விட்டுவிடவில்லை என்ற பெருமை வேறு. பெற்ற பிள்ளை விடுபட்டது அவருக்கு உறைக்கவே இல்லை. மனைவி கௌசல்யாவுக்கு உறைத்தது. "நம்ம பிள்ளைக்கு ஒரு வரி போடுங்களேன்" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். ஒருத்திக்குப் போட்டால் எல்லாருக்கும் போட வேண்டும் என்றார் மூத்த பங்காளி ரத்தினவேல்.

தாளைப் பார்த்ததும் பெரியகருப்பன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"இது எம் மக எழுத்தும்மா."

"அப்ப அவங்க பேரையும் சேத்துப் பாப்பமா சார்?" என்றாள் பிளெஸ்ஸி.

சேர்த்தார்கள். யாரையும் கேட்கவில்லை. அந்த ஒரு வரி மட்டும் வெள்ளையாகவே வந்தது. மற்ற எல்லாருடைய பெயரையும் எழுதியவள் தன் பெயரை எழுத மறுத்துவிட்டாள். அந்த மனிதர் கடையிலேயே உட்கார்ந்து அழுதார்.

வெற்று வரியோடே புத்தகம் வெளிவந்தது. பங்காளிகள் கொஞ்ச நாள் பயந்தார்கள், பிறகு பழகிவிட்டார்கள். படிக்கத் தெளிவாக இருக்கிறது என்று ரத்தினவேலே சொன்னார். குடும்பத்தில் புதுக் கல்யாணம் நடந்தால் அந்தப் புள்ளியைச் சேர்த்து மறுபதிப்புப் போடுவது என்று முடிவாகியிருந்தது. இரண்டாம் பதிப்பு வந்தபோது கௌசல்யா ஒரு பக்கத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தாள்.

"பிள்ளை ப்ளஸ் டூ வந்திருச்சுங்க" என்றாள்.

உண்மைதான். எழுத்து சிறுத்து, நெருங்கி, பதற்றம் குறைந்திருந்தது. இப்போதெல்லாம் பங்காளி வீடுகளில் யாருக்கு வரன் பார்க்கிறார்கள் என்று முதலில் விசாரிப்பவள் கௌசல்யாதான். தட்டிப்போகிற சம்பந்தத்தைக்கூட நடையாய் நடந்து பேசி முடித்துவைக்கிறாள். கல்யாணம் நடந்தால்தானே பதிப்பு வரும். போன ஆவணியில் வந்த பதிப்பில் அர்ச்சனா வேலைக்குப் போகத் தொடங்கிவிட்டாள்.