முந்நூற்று முப்பத்து மூன்று

கைக்கடக்கமான அந்த விளையாட்டுக் கருவியை மாமனார் நான்காவது முறையாக மாப்பிள்ளையின் மடியில் வைத்தார். "பழையபடி ஆமை மாதிரி ஊருது, மாப்ள."

மாப்பிள்ளை நாள் முழுக்கக் கடையில் செல்போன் பழுதுபார்த்துக் கண் எரிந்துபோய் வந்திருந்தான். திட்டவும் வழியில்லை, பெண் கொடுத்தவர். கருவியை ரகசியமாக வாங்கிக்கொடுத்து, எவனோ முகம் தெரியாதவன் எழுதிய மென்பொருளை அதில் ஏற்றியதும் இவன்தான். செட்டிங்கில் போய் பிராசஸர் வேகத்தை 222 மெகாஹெர்ட்ஸிலிருந்து 333-க்கு மாற்றினான். கார் பந்தயம் பறந்தது. போன வாரமும் இப்படித்தான் பறந்தது.

"எப்படி மாமா ஆஃப் பண்றீங்க?"

மாமனார் கூச்சத்தோடு முதுகு மூடியைத் தள்ளி, பேட்டரியை ஒரே இழுப்பில் உருவிக் காட்டினார். "கண் ஆபரேஷன் ஆனதிலேருந்து இதெல்லாம் தொடக் கூடாதுன்னு உங்க அத்தை உத்தரவு. அவ வர்ற சத்தம் கேட்டா வேற என்ன செய்யறது?"

மாப்பிள்ளை நெற்றியைப் பிடித்துக்கொண்டான். "மெனுவுல இருந்து முறையா வெளிய வந்தாத்தான் மாமா வேகம் பதியும். மூணு செகண்ட் போதும்."

"மூணு செகண்டுக்கு நான் எங்க போவேன்?"

பேட்டரியைப் போட்டு, அலுப்போடு மறுபடி 333 வைத்தான். வெளியேறும் பட்டனுக்கு விரல் போன நேரம், கூடத்தில் அத்தையின் செருப்புச் சத்தம் கேட்டது.

அத்தை உள்ளே வந்தபோது கருவி தலையணைக்கு அடியில் இருந்தது. பேட்டரி மாப்பிள்ளையின் கைக்குள் இருந்தது.