வான்கோழி மரமேறும் முன்

மழை விட்ட பிறகும் மேளத்தின் தோல் தொய்ந்தே கிடந்தது. அதை நெருப்பருகே பிடித்துக் காயவைத்து, தட்டிப் பார்த்து, மறுபடி காயவைத்து, ஒருவழியாகப் பெண்கள் நாங்கள் மைதானத்தில் இறங்கியபோது வெயில் சாயத் தொடங்கிவிட்டது. வான்கோழி ஆட்டம் பொழுது இருக்கும்போதே முடிய வேண்டும். அந்தப் பறவை இருட்டுமுன் மரமேறிவிடும். அதன் பேரில் ஆடுகிற நாங்களும் அதற்குள் அடங்கிவிட வேண்டும். எங்கள் காடோ பழங்குடியில் யாரும் இந்த விதியோடு விளையாடுவதில்லை.

எனக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்தாள் என் நாத்தனார் வெல்டா. கூந்தலில் செருகிய அணியிலிருந்து ரிப்பன்கள் முதுகு வழியாகக் குதிகால் வரை தொங்கின. நடுவில் மேளத்தைச் சுற்றி ஆண்கள். பாட்டை எடுத்துக் கொடுப்பவன் என் கணவன் ரோஸ்கோ, அவளுடைய அண்ணன். இரண்டு பேரும் பேசிக்கொண்டு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

என் மாமியார் இறந்தபோது ரோஸ்கோ டெக்சாஸில் எண்ணெய்க் கிணற்று வேலையில் இருந்தான். சாலையெல்லாம் பனிக்கட்டி. வெல்டா காத்திருக்கவில்லை, அடக்கம் செய்துவிட்டாள். எங்கள் வழக்கப்படி கல்லறையருகே சில நாள் எரியவிடும் நெருப்பு அணைகிற நாளில்தான் இவன் வந்து சேர்ந்தான். அன்றைக்கு மூடிய வாய்தான். எனக்கு இருவர் மேலும் கோபம். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு கழுதைகள்.

காலையில் சோளம் வெந்துகொண்டிருந்தபோது வெல்டா சொன்னாள்: “கடைசிப் பாட்டுல அண்ணனைத்தான் இழுக்கப் போறேன் அண்ணி. வரலன்னா இனி இந்த மைதானத்துல கால் வைக்க மாட்டேன்.”

கடைசிப் பாட்டில் நாங்கள் ஆளுக்கொரு ஆணைப் பிடித்து ஆட இழுப்போம். மாட்டேன் என்கிறவன் தொப்பியையோ வேறெதையோ கழற்றிக் கொடுத்துவிட்டுத்தான் தப்பிக்க முடியும். அவள் சொன்னது வாசலில் நின்ற ரோஸ்கோவின் காதில் விழுந்தது. எனக்குத் தெரியும், அவன் கையிலிருந்த காப்பி அப்படியே ஆறிப்போனது.

சிவப்பாற்றங்கரையில் எங்கள் முன்னோர் ஜெயித்த சண்டைகள் ஒவ்வொரு பாட்டாக வந்தன. பிறகு ஒரு பாட்டு முடிந்ததும் அவன் அதையே மறுபடி எடுத்தான். அதற்கப்புறம் இன்னொரு முறை. பொழுது போய்விட்டால் கடைசிப் பாட்டு வராமலே ஆட்டம் கலைந்துவிடும். என் கணவன் பாட்டை இழுக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. வெல்டாவுக்கும் புரிந்திருக்க வேண்டும். அவள் தோள்கள் விறைத்துப் போயின.

மேளத்தடியிலிருந்த மில்டன் மாமா மேற்கே பார்த்துவிட்டுக் கத்தினார். “டேய் ரோஸ்கோ, வான்கோழியெல்லாம் படுக்கப் போயிருச்சுடா. நீ இன்னும் யாரைத் தூங்க வைக்கிற?”

எல்லோரும் சிரித்தார்கள். ரோஸ்கோ சிரிக்கவில்லை. சூரியன் மரங்களின் தலையைத் தொட்டபோது, வேறு வழியில்லாமல் கடைசிப் பாட்டை எடுத்தான்.

வெல்டா நேராக அவனிடம் போய்ச் சட்டைக் கையைப் பிடித்தாள். “வாண்ணே.”

அவன் பாடிக்கொண்டே இருந்தான். குச்சி நிற்கவில்லை. அவளைப் பார்க்காமலே இடது கையால் தொப்பியைக் கழற்றி நீட்டினான். எனக்கு அவனை அங்கேயே அறைய வேண்டும் போலிருந்தது.

“பனியில மண்ணு இறுகிட்டே இருந்துச்சுண்ணே,” என்றாள் வெல்டா. “விட்டா அம்மாவுக்குக் குழி தோண்டவே முடியாதுன்னாங்க. நான் தனியா என்ன பண்ணட்டும்?”

அவன் குரல் ஒரு சொல்லில் தடுக்கி, மறுபடி பாட்டைப் பிடித்தது.

அவள் தொப்பியை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டாள். அது புருவம் வரை இறங்கியது. மற்ற பெண்கள் ஜோடியோடு சுற்ற, அவள் தனியாக ஆடத் தொடங்கினாள். நான் அவள் பின்னாலேயே போனேன்.

பாதிச் சுற்றில் மேளத்தில் ஒரு குச்சியின் சத்தம் குறைந்தது. பாட்டை மில்டன் மாமாவின் கரகரத்த குரல் வாங்கிக்கொண்டது. வெல்டா திரும்பவில்லை. வெயில் இப்போது அந்தத் தொப்பியின் உச்சியில் மட்டும் இருந்தது. ஆடிக்கொண்டே அவள் ஒரு கையை விரித்துப் பின்னால் நீட்டியிருந்தாள். எனக்குப் பின்னால் நெருங்கிய காலடிக்கு நான் ஓரமாக விலகி வழி விட்டேன்.