கேட்காத கேள்வி

குதிரை பார்க்க வருகிறவர்கள் முதலில் பல்லைப் பார்ப்பார்கள். பிறகு குளம்பைத் தூக்கிப் பார்ப்பார்கள். கணக்கு வாத்தியாரும் அப்படித்தான் செய்தார். ஓட்டிக் காட்டச் சொன்னார். அவருடைய மகள், பத்து வயதிருக்கும், வேலிக் கட்டையில் தாடையை வைத்துக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எங்கள் சிவப்புக் குதிரையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். எப்போதும் அதன் இடப்பக்கம் ஓடுகிறவள், அன்று வலப்பக்கம் ஓடினேன்.

"உதைக்குமா?" என்றார் வாத்தியார்.

"சின்னப் புள்ளைங்க அது வயித்துக்குக் கீழ பூந்து போகும் சார்," என்றார் என் கணவர், நாற்காலியை விட்டு எழாமல்.

"என்னங்க, மாப்பிள்ளை முறுக்கா? வந்ததுலேர்ந்து எந்திரிக்கவே காணோம்?"

"முட்டி வலி சார். வயசாகுதுல்ல."

முட்டி இல்லை, தொடை. போன மாதம் தீவன வாளியோடு வலப்பக்கமாகச் சத்தமில்லாமல் போனார். குளம்பின் வளைவு இன்னும் கருநீலமாகப் பதிந்திருக்கிறது. கடைசிக் குட்டி போட்டபின் வந்த காய்ச்சலில் அதன் வலக்கண் பார்வை போய்விட்டிருந்தது. "உள்ள நரம்பு போயிடுச்சு. வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது" என்று மருத்துவர் விளக்கை அணைத்தார். விற்றுவிடலாம் என்று இவர் சொன்னது அன்றைக்குத்தான். "அவங்களா கேட்டா சொல்லிடலாம். கேக்காததுக்கு நாம ஏன் வாயக் குடுக்கணும்?"

நானும் தலையாட்டினேன். குதிரைக்குக் கண் தெரியுமா என்று யாரும் கேட்பதில்லை. அந்தக் காலை முழுவதும் நான் அதைத்தான் நம்பியிருந்தேன். வாத்தியார் கேட்டுத் தொலைக்கக் கூடாதா என்றும் நினைத்தேன்.

பேச்சு முடிந்து லாரியின் பலகையை இறக்கும்போது, அந்தப் பெண் கையில் பிரஷ்ஷோடு குதிரையை நோக்கி ஓடினாள். வலப்பக்கமாக. யோசிப்பதற்குள் என் நாக்கு இரண்டு முறை சொடுக்கிவிட்டது. வலக்காது திரும்பியது. குதிரை அசையாமல் நின்றது. அவள் அதன் கழுத்தில் கன்னத்தை வைத்துக்கொண்டாள்.

"எதுக்கு அத்தை சத்தம் குடுத்தீங்க?"

கணவர் என்னைப் பார்த்தார்.

"அதுக்கு அப்படித்தான் பழக்கம். இந்தப் பக்கமா வந்தா குடுக்கணும். ஒவ்வொரு தடவையும்."

"மறந்துட்டா?"

"மறக்காத."

"அப்பாவும் குடுக்கணுமா?"

"எல்லாரும்."

வாத்தியார் சிரித்தார். "மகாராணி! மேளதாளத்தோடதான் கிட்ட வரணும் போல." எல்லோரும் சிரித்தோம். நானும்தான். சொல்லிவிட்டோமே என்று ஒரு கணம் மனம் லேசானது. அந்த லேசுதான் பிறகு என்னவோ செய்தது. பாதியைச் சொன்னதால் முழுதையும் சொல்லவேண்டிய இடம் அடைபட்டுப்போயிருந்தது.

லாரி கிளம்பியது. முன்னால் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து நாக்கைச் சொடுக்கிப் பழகிக்கொண்டிருந்தாள். இரண்டில் ஒன்று சத்தமில்லாமல் போயிற்று. என் கணவர் நாற்காலியைப் பிடித்து எழுந்து, காலை இழுத்துக்கொண்டு உள்ளே போனார்.

வளைவில் வண்டி திரும்பியபோது குதிரையின் வலப்பக்கம் என் பக்கம் வந்தது. பலகை இடுக்கில் நீள இமைகளோடு அந்தக் கண், பளபளவென்று, என்னையே பார்ப்பது போலிருந்தது. என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. நான் சத்தம் கொடுக்கவில்லை.