கருகிய ஃபேன் கம்பி

ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்குப் பழைய இரும்புக்காரனின் லோரி வரும் என்று ரவிச்சந்திரன் மாமா சொல்லிவிட்டுப் போயிருந்தார். அது ஏற்றிக்கொண்டு போகவிருந்தது ஷாமினியின் ‘கஞ்சில்’ என்ற சின்னக் காரை. அப்பா வீரமுத்துவும் சரி என்று தலையாட்டிவிட்டார். ஷாமினியிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

சி ரூசா ஊரிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது அவர்களுடைய செம்பனைத் தோட்டம். ஷாமினியின் சுங்கை காடுட் தொழிற்சாலை வேலைக்குக் கம்பெனி பஸ் வாசலுக்கே வரும். லோபாக் டவுனில் வாரம் இரண்டு நாள் நடக்கும் மாலை வகுப்புக்கு எந்த பஸ்ஸும் கிடையாது. கார் மின்சார வேலை கற்றுத்தரும் அந்த வகுப்புக்கு, அவளைவிட ஒரு வயது இளையதான இந்தக் கார்தான் வழி. கார் போனால் வகுப்பும் போயிற்று.

வியாழக்கிழமை வகுப்பு முடிந்து வரும் வழியில் எஞ்சின் சூடு காட்டும் முள் சிவப்பைத் தொட்டது. உடனே ஓரம் கட்டினாள். முன்பக்கம் ஆவி கிளம்பியது. கயிறு கட்டி இழுத்து வந்த ரவிச்சந்திரன் மாமா, பானட்டைக்கூடத் திறக்காமல் அப்பாவிடம் தீர்ப்புச் சொன்னார்.

“ஃபேன் சுவிட்ச்ச போட மறந்துட்டா மச்சான். போனப் பாத்துக்கிட்டே வந்திருப்பா. எஞ்சின் கேஸ்கெட் போச்சு. இனிமே இது இரும்புக்குத்தான் லா.”

“போட்டேன் மாமா!”

“போட்டா ஏன்மா சுடுது?”

அந்தத் தோட்டத்தில் ஓடும் பழைய கார் எல்லாவற்றிலும் ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு சுவிட்ச் தொங்கும். ரேடியேட்டர் தண்ணீர் சூடானால் ஃபேனைத் தானாக ஓடவைக்க ஒரு சென்சர் உண்டு. அது கெட்டால் யாரும் புதிது வாங்குவதில்லை. மாமாவைக் கூப்பிடுவார்கள். அவர் சென்சரை வெட்டிவிட்டு, ஃபேனை நேராக ஒரு சுவிட்சில் மாட்டிவிடுவார். ‘ஃபேன் டைரக்ட்’ என்று அதற்குப் பெயர். பிறகு எஞ்சின் சுட்டால் குற்றம் எப்போதும் ஓட்டினவர் தலையில்தான். மாட்டினவரை யாரும் கேட்டதில்லை.

ஷாமினியிடம் ஒரு நோட்டு இருந்தது. காரில் செய்த ஒவ்வொன்றையும் தேதி போட்டு அதில் எழுதுவாள். வியாழக்கிழமைக்கு நேராக இப்படி இருந்தது: ‘9.35. டயர் பார்த்தாச்சு. ஃபேன் சுவிட்ச் போட்டாச்சு.’ அவள் கையெழுத்துதான். ஆனாலும் சந்தேகம் வந்தது. போட்டுவிட்டு எழுதினேனா, எழுதுகிற பழக்கத்தில் எழுதிவிட்டுப் போடாமல் விட்டேனா? வெள்ளி முழுக்க அந்த ஒரு வரியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே என்றுகூட நினைத்தாள். பிறகு, அவரை உறுதியாக்கியது எது என்று யோசித்தபோது எரிச்சல் வந்தது. பார்க்காமலே சொன்ன உறுதி அது.

சனிக்கிழமை காலை, எஞ்சின் ஆறியிருந்தபோது ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எண்ணெயில் தண்ணீர் கலந்த வெண்மை இல்லை. ரேடியேட்டரில் குறைந்திருந்த தண்ணீரை ஊற்றி நிரப்பி, மூடியைத் திறந்தபடியே எஞ்சினை ஓட்டினாள். குமிழி வரவில்லை. எண்ணெயும் தண்ணீரும் கலக்காமல் அடைத்து வைக்கும் கேஸ்கெட் நன்றாகவே இருந்தது. எஞ்சினை அணைத்துவிட்டு, பேட்டரியிலிருந்து நேராக ஃபேனுக்குக் கம்பி கொடுத்தாள். ஃபேன் சீறிக்கொண்டு சுற்றியது. சாவியைத் திருப்பி மாமாவின் சுவிட்ச்சைப் போட்டாள். ஃபேன் அசையவில்லை.

டாஷ்போர்டுக்குக் கீழே தலையை விட்டு அந்தக் கம்பியை உருவினாள். ஸ்பீக்கருக்குப் போடுகிற மெல்லிய கம்பி. ஃபியூஸ் இல்லை. நடுவில் ஒரு சாண் நீளத்துக்கு உறை உருகி, உள்ளே கறுத்து அறுந்திருந்தது. அதைப் பிடித்தபடி அவள் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். மின்சாரம் ஓடாத கம்பி கருகாது. நான் சுவிட்ச் போட்டதால்தான் இது கருகியிருக்கிறது. நல்ல வேளை, கருகியதோடு நின்றது. கார் பற்றி எரிந்திருந்தாலும் போன் பார்த்தாள் என்றுதான் சொல்லியிருப்பார்கள்.

அன்றே பக்கத்து வீட்டு பைக்கில் ஏறிப் போய், லோபாக்கில் சென்சர், அது சொன்னதும் ஃபேனுக்கு மின்சாரம் விடும் ரிலே, ஃபியூஸ், தடித்த கம்பி எல்லாம் வாங்கிவந்தாள். ஞாயிறு பதினொன்றுக்கு வேலை முடிந்தது.

லோரி வருவதைப் பார்க்க மாமா முன்னதாகவே வந்து, கைகட்டி நின்றார். “என்னம்மா, சுவிட்ச்ச காணோம்?”

“தேவையில்ல மாமா. அதுவா ஓடும்.”

“அதுவா ஓடுமாம். கேட்டுக்குங்க மச்சான்!”

எஞ்சினை ஓடவிட்டாள். முள் பாதியைத் தொட்டது. ஃபேன் ஓடவில்லை. அப்பா அவளைப் பார்த்தார். முள் இன்னும் கொஞ்சம் ஏறியது. ரிலேயின் இணைப்புக் கால்களை மாற்றி மாட்டிவிட்டேனோ? நோட்டில் வரைந்த படத்தை மூன்று தரம் சரிபார்த்திருந்தாள், இருந்தும் நான்காவது தரம் நோட்டைத் திறந்தாள். மாமா சிரிக்க வாயைத் திறந்த நேரம் ரிலேயிலிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம். ஃபேன் சுற்ற ஆரம்பித்தது. முள் இறங்கியது. ஃபேன் தானே நின்றது.

“சரி, ஓடுது,” என்றார் மாமா. “ஆனா பொம்பள புள்ள பாத்த வயரிங். நான் ஒரு ரவுண்டு அடிச்சுப் பாத்துட்டு ஓகேன்னா வச்சுக்குங்க. சாவிய குடு.”

“குடும்மா,” என்றார் அப்பா. “மாமா ஒருவாட்டி பாத்துக்கட்டும்.”

ஷாமினி சாவியைத் தொடவில்லை. எஞ்சினை அணைக்காமலே, கருகிய கம்பியை எடுத்து மாமாவின் நீட்டிய கையில் வைத்தாள்.

“இதப் பாருங்க மாமா, நீங்க மாட்டுனது. சுவிட்ச் போடலன்னா இது எப்படிக் கருகுச்சு? சொல்லுங்க.”

மாமா கம்பியைப் புரட்டிப் பார்த்தார். “பழைய கம்பி, அப்படித்தான்...”

“நானும் ரெண்டு நாளா எம்மேலதான் தப்புன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன்!”

அப்பா குனிந்து கம்பியைப் பார்த்தார். அறுந்த இடத்தை விரலால் தடவினார். அந்நேரம் அவருடைய போன் அடித்தது. லோரிக்காரன்.

“வர வேணாம் லா. காடி சரியாயிருச்சு.” அந்தப் பக்கம் ஏதோ கேட்டான். அப்பா மாமாவைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். “ஆமா... வீட்டுலயே பாத்தாச்சு.”

“நான் பாத்தேன்னு சொல்லுங்கப்பா,” என்றாள் ஷாமினி, போனுக்குள்ளேயும் கேட்கிற மாதிரி.

அப்பா தொண்டையைக் கனைத்தார். பின்னால் ஃபேன் மறுபடியும் தானே ஓட ஆரம்பித்தது.

“எம்மவ பாத்தா,” என்றார்.