அம்பிட்டியவில் இருபத்திரண்டு பாகை

மனித வரலாற்றில் முதன்முறையாக, அம்பிட்டியவில் காலநிலை ஒருவனுக்குக் கீழ்ப்படிந்தது. அந்த ஒருவன் நான். எங்கள் வீட்டுப் பின்விறாந்தையில், திகனவில் சாஹுல் ஹமீது நானாவிடம் வாங்கிய பழைய பிரிட்ஜுக்குள், மழையோ வெயிலோ, இருபத்திரண்டு பாகைதான்.

றேணுகா அக்காவின் கல்யாணத்துக்கு ஜிஞ்சர் பியர் ஊற வைக்கும் பொறுப்பைப் பியட்றிஸ் சித்தியிடமிருந்து பறித்திருந்தேன். அவருடைய தொழில்நுட்பம்: வாளியைச் சுற்றி ஓர் ஈரச் சாக்கு, அதன்மேல் உள்ளங்கை.

"சாக்குக்குக் காய்ச்சலா சித்தி?" என்று கேட்டேன்.

"நீ ஒம் பொட்டியக் கட்டிக்கிட்டு அழு" என்றார்.

என் முறையில் கைக்கு வேலையில்லை. வாளியின் வயிற்றில் சென்சரை ஒட்டினேன். சூடு ஏறினால் வெளியே உள்ள கட்டுப்பாட்டுப் பெட்டி பிரிட்ஜை ஓடவிடும், இறங்கினால் நிறுத்தும். ஈஸ்ட் நிம்மதியாக நுரைக்கும். "நீ சும்மா ஆளில்ல மச்சான்" என்றான் கூட்டாளி லியோன். அதை நம்பித்தான் போத்தலில் அடைக்கும் வேலையை அவனிடம் விட்டுவிட்டு மண்டபம் சோடிக்கப் போனேன்.

கல்யாணத்தன்று ஃபாதர் இரண்டாவது கிளாஸ் கேட்டார். மாப்பிள்ளை வீட்டார் யார் செய்தது என்று விசாரித்தார்கள். நான் எழுந்து, மிக அடக்கமாக, ஆறு நிமிடம் விளக்கினேன். உட்காரும்போதுதான் போத்தலின் கழுத்தைப் பார்த்தேன். தக்கை நீல நூலால் கட்டியிருந்தது. உலகத்தில் அப்படிக் கட்டுகிறவர் சித்தி ஒருவர்தான். அவர் மூன்றாவது மேசையில் கட்லட் தின்றுகொண்டிருந்தார்.

லியோனைச் சமையலறைப் பக்கம் இழுத்தேன்.

"என்னுது எங்கடா?"

"பிரிட்ஜுலயே கெடக்கு. நுரையே இல்ல. வெறும் சீனித்தண்ணி, ஐஸ் மாதிரி."

"காலையில பாக்கிறப்பெல்லாம் பெட்டி இருபத்திரண்டு காட்டிச்சே!"

"காட்டும். ஒங்கம்மா கட்லட்டுக்கு அவிச்ச கெழங்க தெனமும் சட்டியோட அதுக்குள்ளதான் ஆற வச்சாங்க. சென்சர் கழண்டு சட்டிக்குள்ள விழுந்து, அந்தச் சூட்டுக்கு பிரிட்ஜ் ராவெல்லாம் ஓடியிருக்கு."

மூன்று நாட்களாக நான் உருளைக்கிழங்கின் காய்ச்சலுக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"புதன்கெழம."

"எங்கிட்ட சொல்லல."

"சொன்னா இன்னொரு பெட்டி வாங்குவ. கல்யாணம் ஒங்க அக்காவுக்குடா, பிரிட்ஜுக்கு இல்ல. சித்திகிட்ட ஓடினேன். அவங்க போன வாரமே ஊறப் போட்டுட்டாங்க."

போன வாரம். நான் பிரிட்ஜை வீட்டுக்குக் கொண்டுவந்த அதே வாரம். என் ஆறு நிமிடப் பேச்சுக்கு எல்லாரும் கைதட்டினார்கள். முதலில் தட்டியது லியோன்.

கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு இன்னும் பத்து நாள். பிரிட்ஜ் பின்விறாந்தையில்தான் இருக்கிறது. வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று பெட்டியில் இருபத்திரண்டை எரியவிட்டிருக்கிறேன். புதிதாக ஊறப்போட்ட வாளி குளியலறைக்குப் பின்னால். வீட்டார் பூசைக்குப் போனதும் சாக்கை நனைத்துச் சுற்றினேன். லியோன் வருகிறானா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, உள்ளங்கையை வைத்தேன்.

கொஞ்சம் சூடு. சாக்கின்மேல் இன்னொரு கோப்பை தண்ணீர் ஊற்றினேன்.