ஜெயலக்ஷ்மி ரிலீஸ்

ஐந்தாம் பதிப்பின் திட்டத்தாளில் முப்பத்தோராம் வரி இரண்டே சொற்களால் ஆனது: ‘ஜெயலக்ஷ்மி ரிலீஸ்’. பக்கத்துக் கட்டத்தில் ஏப்ரல் பத்து என்று தேதி இருந்தது. சுவரில் ஒளிர்ந்த அந்தத் தாளை நந்தனம் அலுவலகத்தின் கூட்ட அறையில் எட்டுப் பேர் பார்த்தார்கள். எட்டில் ஒருத்தி மட்டும் அந்த வரியைத் தாண்டி முப்பத்திரண்டாம் வரிக்குப் போகவில்லை.

அவர்கள் செய்வது சர்வர்களை ஒழுங்கில் வைத்திருக்கும் மென்பொருள். எந்த சர்வர் எந்த அமைப்பில் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளர் ஒரு கோப்பில் எழுதித் தருவார். மென்பொருள் ஆயிரம் சர்வர்களையும் அதன்படியே நிறுத்திவைக்கும். பழைய பதிப்புக் கோப்புகளைப் புதிய வடிவத்துக்குக் கொண்டுவரும் ‘கோப்பு மாற்றி’ என்ற பகுதி முழுவதும் ஜெயலக்ஷ்மியின் கைவேலை. பதினோரு ஆண்டுகளாக அதை வேறு யாரும் தொட்டதில்லை. தொட அவளும் விட்டதில்லை.

அந்த அலுவலகத்தில் ரிலீஸ் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். மென்பொருள் வெளிவருவதும் ரிலீஸ். ஓர் ஆளைத் திட்டத்திலிருந்து கழற்றி வேலையில்லாமல் உட்காரவைப்பதும் ரிலீஸ். போன வருடம் கங்காதரன் இரண்டாவது பொருளில் ரிலீஸ் ஆனார். மூன்றாம் மாதம் அவருடைய நாற்காலியில் யாரோ ஹெல்மெட் வைத்திருந்தார்கள்.

பொறியியல் படித்த பிறகு, யாரும் கேட்டுக்கொள்ளாமலே, தபால் வழியில் தமிழ் எம்.ஏ. முடித்தவள் ஜெயலக்ஷ்மி. உருபு மறைந்து நிற்கும் தொடரை விரித்துப் பார்க்காமல் அவளால் விட முடியாது. ஜெயலக்ஷ்மியால் ரிலீஸ் என்று விரித்தால் மூன்றாம் வேற்றுமை. அவள் ஐந்தாம் பதிப்பை வெளியிடும் பொறுப்பாளர். ஜெயலக்ஷ்மியை ரிலீஸ் என்று விரித்தால் இரண்டாம் வேற்றுமை, அவள் கங்காதரன். மற்ற வரிகள் எல்லாம் வேலையில் தொடங்கிப் பெயரில் முடிந்தன: ‘சோதனை – ஆஷா’, ‘ஆவணம் – பிரணவ்’. அவளுடைய வரியில் மட்டும் பெயர் முன்னால் நின்றது.

இரண்டாம் வேற்றுமைக்குச் சான்றுகள் சேரத் தொடங்கின. பழைய கோப்பு மாற்றியைப் பற்றித் தெரிந்ததையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடுமாறு மேலாளர் சாய்நாத் கேட்டுக்கொண்டார். யார் வேண்டுமானாலும் பார்த்துக்கொள்ளும்படி இருக்கட்டும் என்றார். யார் வேண்டுமானாலும் என்பதில் அவள் சேர்த்தியா என்று அவர் சொல்லவில்லை. இரண்டு மதியங்கள் ஆரோக்கியராஜ் அவள் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு குறிப்பெடுத்தான். பட்டினப்பாக்கத்துக்காரன், கெட்டிக்காரன், திட்டத்தாளைத் தட்டச்சு செய்தவனும் அவனே. ஏப்ரல் பதின்மூன்றிலிருந்து அவள் கேட்ட பத்து நாள் விடுப்பு ஐந்தே நிமிடத்தில் கிடைத்தது. பதினோரு ஆண்டுகளில் அவளுக்கு எந்த விடுப்பும் ஒரு கேள்வியாவது இல்லாமல் கிடைத்ததில்லை.

மயிலாப்பூரில், காப்பியை ஆற்றிக்கொண்டே, அவள் கணவர் ஸ்ரீரங்கன் எல்லாவற்றையும் கேட்டார். அவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எதற்கும் ஒரே விடைதான் உண்டு என்று நம்புகிறவர்.

“நேரா கேட்டுடேன். இதுக்குப் போய் யாராவது ஆத்துல உக்காந்துண்டு வேற்றுமை உருபு தேடிண்டிருப்பாளா?”

கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடக்கூடும் என்பதுதான் ஜெயலக்ஷ்மியின் சிக்கல். அதை அவரிடம் சொல்லவில்லை.

சாய்நாத் கேட்ட கைமாற்றுக் குறிப்பு இருபத்திரண்டு பக்கம் வந்தது. பிழையில்லாத இருபத்திரண்டு பக்கம். பதினான்காம் பக்கத்தில் மட்டும், வரவேண்டிய ஒரு வாக்கியத்தை அவள் எழுதவில்லை. மூன்றாம் பதிப்புக்கு முந்தைய கோப்புகளில் உள்ள கட்டளைகளை எழுதிய வரிசையிலேயே நிறைவேற்ற வேண்டும். வரிசை குலைந்தால், கடவுச்சொல் வைக்கப்படுவதற்கு முன்பே சர்வர் வெளியுலகத்துக்குத் திறந்துவிடும். இதுதான் அந்த வாக்கியம். தான் எதையும் பொய்யாக எழுதவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். ஏப்ரல் பத்துக்குப் பிறகும் யாராவது தன்னைத் தேடி வருவதற்கு ஒரு காரணம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மார்ச் இருபத்து நான்காம் தேதிக் கூட்டத்தில் ஆரோக்கியராஜ் ஓர் அதிசயத்தைக் காட்டினான். பழைய கோப்பு மாற்றி நாற்பது நிமிடம் எடுத்துக்கொண்ட வேலை நான்கு நிமிடத்தில் முடிந்தது. ஆஷா கைதட்டினாள். எப்படி என்று சாய்நாத் கேட்டார்.

“அக்கா டாக்குமென்ட்ட மூணு தபா படிச்சேன் சார். வரிசையா ஓடணும்னு எங்கியும் இல்ல. அப்புறம் இன்னாத்துக்கு க்யூல நிக்கவெச்சுக்கினு? எல்லாத்தையும் ஒண்ணா ஓட வுட்டேன்.”

சோதனைக்கு அவன் எடுத்தவை புதிய கோப்புகள். அதனால் எதுவும் உடையவில்லை. பழைய கோப்புகள் நாற்பது வாடிக்கையாளர்களிடம் இருந்தன.

சாய்நாத் தாளை முப்பத்தோராம் வரிக்கு நகர்த்தினார். ஏப்ரல் பத்து உறுதி, கடைசிப் பொத்தானை ஜெயலக்ஷ்மி அழுத்தட்டும் என்றார். அவள் சுவரைக் காட்டினாள்.

“அந்த வரி,” என்றாள். “என்னை ரிலீஸ் பண்றதா, நான் ரிலீஸ் பண்றதா?”

ஆரோக்கியராஜ் சிரித்துவிட்டான். “அக்கா, உங்கள யாரு ரிலீஸ் பண்ணுவாங்க? பண்ணா ஆபீஸ இழுத்துப் பூட்டிக்கினு போவவேண்டியதுதான். வாய்ல வந்தாப்ல அடிச்சுட்டேன், அவ்ளோதான் மேட்டர்.”

சாய்நாத்தும் சிரித்தார். மொத்தப் பதிப்பையும் அவள் பார்த்துக்கொள்ள வேண்டியிருந்ததால்தான் மாற்றியை அவளிடமிருந்து வாங்கி ஆரோக்கியராஜிடம் கொடுத்தாராம். ரிலீஸ் முடிந்ததும் அவள் விடுப்பில் போவது நியாயம்தானே என்றார். ஒவ்வொரு சான்றும் வேற்றுமை மாறி அவள் முன் வந்து நின்றது.

மகிழ்வதற்கு அவளிடம் ஏறக்குறைய அரை நிமிடம் இருந்தது. அதற்குள் பிரணவ் நான்கு நிமிடச் செய்தியை வெளியீட்டு அறிவிப்பில் சேர்த்துக்கொண்டிருந்தான்.

“அதைப் போடாதே,” என்றாள் ஜெயலக்ஷ்மி. “பதினாலாம் பக்கத்துல ஒரு வாக்கியம் இல்லை.”

வாக்கியத்தைச் சொன்னாள். ஆரோக்கியராஜின் சிரிப்பு நின்றது. கடவுச்சொல் இல்லாமல் திறந்து கிடக்கும் சர்வர்களை அறையில் எல்லோரும் ஒரே நேரத்தில் எண்ணிப் பார்த்தது போலிருந்தது.

சாய்நாத் மெதுவாகக் கேட்டார். “விட்டுட்டீங்களா?”

பெருந்தன்மையான கேள்வி. விட்டுட்டேன் என்றால் மறதி. இருபத்திரண்டு பக்கம் எழுதுகிறவளுக்கு ஒரு வாக்கியம் தவறுவது இயல்பு. ஆமாம் என்ற ஒரு சொல் போதும். ஏப்ரல் பத்து அவளுடையதாகவே இருக்கும். ஆனால் ஆரோக்கியராஜ் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று முறை படித்தவன். தான் சரியாகப் படிக்கவில்லையோ என்ற ஐயம் அவன் முகத்தில் வந்துவிட்டிருந்தது.

“விட்டுடலை,” என்றாள். “வேணும்னுதான் விட்டேன்.”

ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சற்று முன் அவள் கேட்ட கேள்வியே அதற்கு விடையாகிவிட்டது.

சாய்நாத் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். தேதி அப்படியே இருக்கட்டும், பெயரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்றார். கைமாற்றுக் குறிப்பை முதல் பக்கத்திலிருந்து, வாக்கியம் வாக்கியமாக, மாற்றியின் நிரலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி ஆரோக்கியராஜிடம் சொன்னார். அவள் உடன் இருக்கலாம் என்றும் சேர்த்துக்கொண்டார். இருக்க வேண்டும் என்று சொல்லவில்லை.

இரண்டு மணிக்கு ஆரோக்கியராஜ் அவள் அருகில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு முதல் வாக்கியத்தைப் படித்தான். படித்துவிட்டுத் திரையைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான்.

“மேடம், இதுக்கு அப்பால வேற எதுனா கீதா?”

இல்லை என்றாள். அவன் தலையாட்டிவிட்டு, நிரலைத் திறந்து தானே தேடிப் பார்த்தான். பிறகுதான் இரண்டாம் வாக்கியத்துக்குப் போனான். முதல் பக்கம் முடியும்போது மணி நான்கு.